சிலைக்கு எந்தக் கை

என் மகளுக்குப் பதினாலு மாதமாகியும் நடை வரவில்லை. அந்தக் கவலையை ஒரு பக்கமும் அவளை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருங்காட்சியகப் பட்டறைக்குப் போனேன். என் கணவரும் அண்ணனும் காலையிலிருந்து அங்கேதான் கிடந்தார்கள். மறுநாள் திறப்பு விழா. மனிதனின் மூதாதைச் சிலை தயாராக நின்றது, கைகளை மட்டும் இன்னும் மாட்டவில்லை.

மாட்டாததற்குக் காரணம், இரண்டு ஜோடிக் கைகள் இருந்தன.

அண்ணன் மண்ணைத் தோண்டி எலும்பு எடுப்பவன். நம் முன்னோர் அடிப்பதற்காகத்தான் எழுந்து நின்றார்கள் என்பது அவன் கட்சி. மனிதக் குரங்கு மிரட்டும்போது எழுந்துதானே நிற்கிறது, நின்று அடித்தால் அடி இன்னும் பலமாக விழும் என்பான். அவன் செய்த கையில் கல் இருந்தது. என் கணவர் கல்லூரியில் அதே பாடம் நடத்துகிறவர். பெண்டாட்டி பிள்ளைக்குச் சாப்பாடு தூக்கிவரக் கை வேண்டியிருந்தது, அதனால் எழுந்தார்கள் என்பார். வீட்டுக்கு ஒரு நாள் காய்கறிப் பை தூக்கிவந்ததில்லை, பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அவர் செய்த கையில் பழங்கள். எனக்கும் எலும்புதான் பிழைப்பு. உச்சி வெயில் முதுகு முழுக்க விழாமலிருக்க நிமிர்ந்தார்கள் என்று நான் எழுதியதை இருவரும் படித்ததாகச் சொன்னார்கள். எலும்பு, நின்றான் என்று சொல்லும். எதற்கு நின்றான் என்று சொல்லாது. அந்த இடத்தில்தான் ஆளாளுக்குப் புகுந்து கத்துகிறார்கள்.

மகளைச் சிலையின் காலடியில் உட்காரவைத்தேன்.

"மாப்ள, பழம் தூக்கிட்டுப் போறவன் முன்னால கல்லோட ஒருத்தன் வந்து நின்னா என்ன செய்வான்? தோலுரிச்சுக் குடுப்பானா?" என்றான் அண்ணன்.

"உங்களுக்கு அடிதடியத் தவிர வேற என்ன தெரியும் மச்சான்? அதனாலதான உங்க பொண்டாட்டி விட்டுட்டுப் போனாங்க."

அண்ணி போனது உண்மைதான். அதற்காக அதைச் சொல்லலாமா?

அண்ணன் அவர் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று தரையில் தெறித்தது. என் கணவர் மேசையிலிருந்த பழக் கையை எடுத்து அண்ணன் காதில் ஓங்கி அடித்தார். காது கிழிந்து தொங்கியது. இருவரும் கட்டிப் புரண்டதில் சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிப் பலகை நொறுங்கியது, மேசை சரிந்தது, கல் பிடித்த கை உடைந்து கல் மட்டும் மகள் பக்கம் உருண்டது. அண்ணன் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் மாறி மாறிக் குத்தினான்.

"அண்ணா, விடு! செத்துடுவார்!"

முடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வயிற்றில் இடித்தான். சுவரில் மோதி விழுந்தேன். மூச்சு வரவில்லை. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். எனக்கு அண்ணனே அடியாக வந்திருந்தான்.

அப்போதுதான் மகள் எழுந்தாள். சிலையின் காலைப் பிடித்து நிமிர்ந்தாள், பிறகு பிடியை விட்டாள். கையில் அந்தக் கல். அவர்களைப் பார்த்து ஒரு அடி வைத்தாள். எத்தனை மாதம் காத்திருந்தேன் அதற்கு!

அண்ணனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பாடா, பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பார்க்கத்தான் செய்தார்கள்.

"குடுக்க வர்றா மச்சான்," என்றார் என் கணவர், வாயில் ரத்தம் வழிய.

"பேசாத. அடிக்க வர்றா."

"யாரும் கூப்பிடக் கூடாது. தானா வரட்டும்," என்றார் அவர்.

நடுவில் கண்ணாடிச் சில்லுகள். இருவருக்கும் அவள் கைக்கெட்டும் தூரம். தூக்குங்கடா என்று கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. இருவரும் கண் கொட்டாமல் அவள் கையையே பார்த்தார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது அடி கண்ணாடி மேல் விழுந்தது. அவள் அலறினாள்.

"கல்ல இன்னும் விடல பாருங்க," என்றார் அவளைப் பெற்றவர்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. இடது கையால் அவளை வாரி எடுத்தேன். அவள் பாதத்து ரத்தம் என் புடவையில் சூடாக இறங்கியது. வலது கையால் கல்லை வாங்கினேன். "குடு, நான் தூக்கறேன்," என்று அண்ணன் கை நீட்டினான். அந்தக் கையிலேயே கல்லை இறக்கினேன். விரலெலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரியும். எழப் பார்த்த என் கணவரின் தோளில் அடுத்தது. அவர் நாலு காலில் விழுந்தார்.

"எதுக்குடி அடிச்ச?" என்றார்.

"எதுக்குன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு இருங்க," என்று கதவை உதைத்துத் திறந்தேன்.

வெளியே உச்சி வெயில். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கல். ஆஸ்பத்திரி வரை ஓடினேன். இரண்டையும் கீழே வைக்கவில்லை.