ஒன்பது நிமிடம் முந்திய சூரியன்

செயற்கைக்கோள் தரைநிலையத்தின் மேற்பார்வையாளருக்கு 'மோட்டார்' என்று பட்டப்பெயர். எந்தக் கோளாறு வந்தாலும் ஆன்டெனாவைத் திருப்புகிற மோட்டாரைத்தான் முதலில் சந்தேகப்படுவார். அங்கே இளம் பொறியாளராகச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன அவளுக்கு இன்னும் பட்டப்பெயர் கிடைக்கவில்லை. வேலை நிரந்தரமாக ஒரு மாதம் பாக்கி. அதுவரை தப்பு எதுவும் நேரக் கூடாதென்று எந்தக் கணக்கையும் மூன்று தடவை போட்டுப் பார்ப்பாள்.

அன்று நண்பகல் திரையில் தீவு மருத்துவமனை தெரிந்தது. அங்கே நர்ஸாக இருப்பவள் அவளுடைய சொந்த அக்கா. தோள்மூட்டு நழுவிய ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரத்து டாக்டர் சொல்லச் சொல்ல அக்கா இழுக்க வேண்டும். பேச்சு முழுக்க முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள் வழியாகப் போயாக வேண்டும். டாக்டர் சொன்னது கால் நொடி கழித்துத்தான் தீவில் கேட்கும்.

"பன்னிரண்டு இருபதுக்குள்ள முடிச்சிடுங்க டாக்டர். அப்புறம் ஆறு நிமிஷம் லைன் இருக்காது" என்று தங்கை காலையிலேயே சொல்லியிருந்தாள். வருஷத்தில் இரண்டு முறை, சில நாட்களுக்கு, தினமும் சில நிமிடம் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஆன்டெனா இரண்டையும் சேர்த்துப் பார்க்க, சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிப்போகும். அந்த நேர அட்டவணையைப் போட்டது அவள்தான்.

பன்னிரண்டு பதினொன்று. "மெதுவா... இப்ப வெளிப்பக்கமா..." என்றார் டாக்டர். திரை கறுத்தது.

"மோட்டார்தான்! எனக்குத் தெரியும்!" மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார். "கையால திருப்பிப் பாத்துடலாம்."

அவள் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் செயற்கைக்கோளை இரண்டு டிகிரி கிழக்கே நகர்த்தியிருந்தார்கள். அவள் மூன்று தடவையும் பழைய இடத்தை வைத்தே கணக்குப் போட்டிருந்தாள். அது கிழக்கே நகர்ந்தால், கிழக்கிலிருந்து வரும் சூரியன் முந்திக்கொள்ளும், எட்டொன்பது நிமிடம்.

வாயைத் திறக்காவிட்டால் பழி மோட்டார்மேல் போகும். ஆனால் ஆன்டெனாவை அசைத்துவிட்டால் மறுபடி அந்த இடத்தைப் பிடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அங்கே அக்காவின் கையில் பாதி இழுத்த தோள்.

"தொடாதீங்க சார்! மோட்டார் இல்லை, சூரியன். அட்டவணை தப்பு. நான்தான் பழைய இடத்தை வச்சுப் போட்டுட்டேன்."

"நிச்சயமா?"

அவள் எதையும் நிச்சயமாகச் சொன்னதே இல்லை. "பன்னிரண்டு பதினேழுக்குத் தானா வந்துடும் சார்."

"வரலைன்னா?"

"வரலைன்னா மோட்டார்."

அவர் உட்கார்ந்தார். பதினேழும் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. அவர் நாற்காலி கிறீச்சிட்டது. அப்போதுதான் புள்ளிபுள்ளியாக அக்காவின் முகம் கூடிவந்தது.

"எல்லாரும் எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? இவர் கையை விடவும் முடியலை, இழுக்கவும் முடியலை. திட்டறார்!"

டாக்டர் தொடர்ந்தார். மூன்றாவது நிமிடம் தோள் இடத்தில் உட்கார்ந்தது.

அவள் பதிவேட்டை எடுத்தாள்.

"மோட்டார்னே எழுதிடேன். அது ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார் அவர்.

"அட்டவணைத் தவறு. கணக்கிட்டது நான்" என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து. பேனாவை வாங்கி, அவள் வரிக்குக் கீழே எழுதினார்: "பார்க்காமலே கையெழுத்திட்டது நான்."

பிறகு நாற்காலியை அவள் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரிம்மா, நாளைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு? போடு, பாக்கறேன்."