சாவி யார்கிட்ட இருக்கு?

"அக்கா, அந்தப் பெட்டிக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

சின்னவள் கேட்ட கடைசி உருப்படியான கேள்வி அது. அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் சீப்பு எங்கே, உப்பு எங்கே என்பதுதான்.

கேட்டபோது பெரியவள் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். முகாமில் அவர்கள் இருவரையும் எல்லோரும் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். ஒரே தார்ப்பாய்க் கூடாரம், ஒரே பாய், ஒரே சீப்பு. சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மாதம் ஒரு முறை முகாம் மருத்துவமனையின் மருந்து ஜன்னலில் அவளுக்குப் பம்பு கொடுப்பார்கள். அதை வாயில் வைத்து இழுத்தால்தான் மூச்சு சீராகும்.

"மருந்துக்காரர்கிட்டதான் இருக்கு. ரொம்பப் பத்திரமா வெச்சிருக்காரு," என்றாள் பெரியவள். "ஏன்டி, எம்மேல புகார் எழுதிப் போடப் போறியா?"

"ஆமா. ஒன் குறட்டையப் பத்தி."

இருவரும் சிரித்தார்கள். சின்னவள் பம்பை எடுத்துக் குலுக்கினாள், இரண்டு இழுப்பு இழுத்தாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். குலுக்குகிற சத்தம் கேட்டதும் பெரியவள் மனசு வழக்கம்போல லேசானது.

அந்தப் புகார்ப் பெட்டி பெரியவளுடைய பெருமை. மருத்துவமனையில் அவளுக்கு ஊர் சுற்றுகிற வேலை. வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு கூடாரத்தின் வாசலிலும் நின்று சொல்ல வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று தொடங்கி, கடைசியில் இதையும் சொல்ல வேண்டும்: "மருந்து இலவசம். வைத்தியம் இலவசம். அதுக்குப் பதிலா யாரும் உங்ககிட்ட எதையும் கேக்கக் கூடாது. பணம் கேக்கக் கூடாது, ஒடம்பக் கேக்கக் கூடாது. கேட்டா எழுதிப் பெட்டியில போடுங்க." வாய் வலிக்க இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், சின்னவள் மூக்கால் பேசி அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். "போதும் தாயே, எங்கிட்டயும் ஒப்பிக்காத," என்பாள்.

பச்சை வண்ணம் அடித்த தகரப் பெட்டி அது. எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து மாட்டச் சொன்னது, மருத்துவமனையை நடத்துகிற தலைமை ஆபீஸ். பெரியவள் அரை நாள் அலைந்து இடம் தேடினாள். மருந்து ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர்தான் சரி என்று பட்டது. அங்கே நிழல் உண்டு, மழை ஒழுகாது, மருந்து வாங்க யாராக இருந்தாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். ஒரு கல்லை எடுத்து அவளே ஆணி அடித்தாள். நாலே அடி. ஆணி கல்லுச் சுவரில் பல் முளைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. காலையில் கதவைத் திறப்பவர் மருந்துக்காரர் என்பதால் சாவியை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொன்னது ஆபீஸ். ஒவ்வொரு மாதமும் அவர் பெட்டியைத் திறந்து பார்த்து, "காலி" என்று எழுதி அனுப்பினார். புகாரே இல்லாத முகாம் என்று நல்ல பெயரும் வந்தது.

சாவியைப் பற்றிப் பேசி இரண்டு நாள் கழித்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, சின்னவள் செத்துப்போனாள். பெரியவள் அப்போது நாலாவது வரிசையில் யாரோ ஒருத்தியின் வாசலில் நின்று, மருந்து இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் வந்து கூப்பிட்டபோது சொன்னதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

பத்து நாள் அவளால் எதையும் தொட முடியவில்லை. பதினோராம் நாள் பாயை உதறினாள். தலைமாட்டிலிருந்து பம்பு உருண்டு விழுந்தது. அதன் முதுகில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு துவாரம் உண்டு. இன்னும் எத்தனை இழுப்பு மிச்சம் என்று அதில் எண் தெரியும். பெரியவள் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். பூஜ்யம்.

சின்னவளின் மருந்துச் சீட்டில், பம்பு கொடுத்ததாக மூன்று மாதத்துக்கு மூன்று டிக் இருந்தது. அப்படியானால் வீட்டில் மூன்று பம்பு இருக்க வேண்டும். பாயைப் புரட்டினாள், துணி மூட்டையை அவிழ்த்தாள், பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். இருந்தது அந்த ஒன்றுதான்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சோம்பேறி. வரிசையில நிக்க வலிச்சுதா ஒனக்கு? வெறும் பம்பக் குலுக்கிக் காட்டி என்னை ஏமாத்திட்டியே," என்று காலிப் பாயைப் பார்த்துத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது.

பக்கத்துக் கூடாரத்து ரெட்டைப்பிள்ளைக்காரி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இடுப்பில் இருந்ததற்கு வலிப்பு நோய்.

"அக்கா, சாயங்காலம் அரை மணி நேரம் இதுங்க ரெண்டையும் பாத்துக்கறியா? இவனுக்கு மருந்து தீந்து நாலு நாளாச்சு. ஸ்டாக் இல்லைன்னுட்டாரு. கதவச் சாத்தினப்புறம் பின்வாசல் வழியா வா, ஒனக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கறேன்னாரு."

"யாரு?"

"மருந்துக்காரர்தான்."

சொல்லும்போது அவள் பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. பையனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயேன்."

"தனியாதான் வரணுமாம்."

பிறகு ரெட்டைப்பிள்ளைக்காரியே ஆரம்பித்தாள். "ஒன் தங்கச்சி மாதிரி எனக்கு வாய் இல்ல அக்கா. அவ ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஜன்னல்ல நின்னு கத்தினாளே. 'முன்பக்கம் ஜன்னல் இருக்கு, மருந்த முன்பக்கமே குடுங்க, பின்பக்கம் எனக்கு வழி தெரியாது'ன்னு. வரிசையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவ சும்மா வம்பு பண்றான்னு நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவ போகறப்பல்லாம் ஸ்டாக் இல்லதான். ஒங்கிட்ட சொல்லலியா?"

சாவி யார்கிட்ட இருக்கு என்ற கேள்வி இப்போதுதான் பெரியவளின் காதில் சரியாக விழுந்தது. சின்னவள் எழுதத் தெரிந்தவள். எழுத நினைத்திருக்கிறாள். எழுதினால் அதை யார் முதலில் படிப்பார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டு, சிரித்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீ போகாத," என்றாள் பெரியவள்.

"நல்லா சொன்ன. ராத்திரி இவனுக்கு வலிப்பு வந்தா நீயா வந்து நிறுத்துவ?"

"சாயங்காலத்துக்குள்ள நான் ஏதாவது பண்றேன். அதுவரைக்கும் போகாத. என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்."

"பாக்கலாம்," என்றாள் அவள். நம்பிக்கை இல்லாத குரல். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

பெரியவள் ஒரு தாளை எடுத்து நடந்ததை எழுதினாள். ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி ரத்தத்தில் ஊறிப்போயிருந்ததால், எழுதி முடித்ததும் கால் தானாகப் பெட்டியைப் பார்த்து நடந்தது. மடித்த தாளோடு கையைத் தூக்கியபோதுதான் ஜன்னலுக்குள் முகம் தெரிந்தது. இரண்டு முழம் தள்ளி. அங்கே நிற்பவளின் கை நடுங்கினால்கூட அவருக்குத் தெரியும்.

"என்னம்மா பெரியவளே," என்றார் மருந்துக்காரர். குரலில் நிஜமான கரிசனம் மாதிரியே இருந்தது. "தங்கச்சி போனதுலேருந்து சாப்பிடறியா இல்லியா? ஆளே பாதியாயிட்ட. அது என்ன கையில, புகாரா? குடு, நானே உள்ள சேத்துடறேன். சாவிகூட இந்தா, பையிலதான் இருக்கு."

"இல்லைங்க," என்றாள். "தடுப்பூசிக் கணக்கு."

தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். இதே இடத்தில் எத்தனை பேர் கையைத் தூக்கிவிட்டு இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது, அவள் அடித்த ஆணி அவள் மேலேயே இறங்குவது போலிருந்தது.

பெரியவள் அங்கிருந்து நேராக மருத்துவமனை நர்சம்மாவைத் தேடிப் போனாள். அவர் குழந்தைகளை எடை பார்க்கும் அறையில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். பெரியவளின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த குழந்தையை அதன் தாயிடம் கொடுத்து, "கொஞ்ச நேரம் வெளியில இரும்மா," என்றார். கதவைச் சாத்தினார். முக்காலியை இழுத்துப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்தார்.

பெரியவள் தாளைக் கொடுத்தாள். நர்சம்மா ஒரு தடவை படித்தார். பெரியவள் பயந்த மாதிரி, 'நிஜமாவா, சாட்சி இருக்கா, அவரா அப்படி' என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"இப்ப உடனே யாருக்காவது ஆபத்து இருக்கா?"

"பக்கத்துக் கூடாரத்துப் பொண்ணு. சாயங்காலம் போகணும். பையனுக்கு மருந்து இல்ல."

நர்சம்மா எழுந்தார். மருந்து அறைக்கே போனார். பெரியவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் சத்தம் போடவில்லை. "பரிசோதனைக்கு எடுக்கறேன்," என்று சொல்லி, அலமாரியிலிருந்து வலிப்பு மருந்துப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அலமாரியில் அது ஒரு வரிசை முழுக்க இருந்தது. ஸ்டாக் இல்லை என்று சொன்ன மருந்து.

"இதக் கொண்டுபோய்க் குடு. யாரும் எங்கயும் போக வேண்டாம்னு சொல்லு," என்றார். "இன்னொண்ணு. நீ எழுதினத நான் மேல அனுப்பியே ஆகணும். மறைச்சா நானும் தப்பு பண்ணவளாயிடுவேன். ஆனா அந்தப் பொண்ணு பேர அவ சரின்னு சொன்னாதான் எழுதுவேன். அவகிட்ட நீ வற்புறுத்தக் கூடாது. ஒன் தங்கச்சி பேர எழுதலாமா?"

பெரியவள் தண்ணீரைக் குடித்தாள். "எழுதுங்க," என்றாள்.

நர்சம்மா அங்கேயே தலைமை ஆபீசுக்குப் போன் செய்தார். அன்று சாயங்காலம் கதவைச் சாத்துவதற்குள் சாவிக்கொத்து அவர் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை மருந்துக்காரர் வரவில்லை. மருந்து ஜன்னலில் புதிதாக இரண்டு பெண்கள் உட்கார்ந்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் பேச்சு கூடாரம் கூடாரமாகப் பரவிவிட்டது. முகாம் கமிட்டித் தலைவருக்குப் பொறுமைக்காரர் என்று பட்டப்பெயர். எதற்கும் "பொறுமை, பொறுமை" என்பார். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? ஆஸ்பத்திரியவே மூடிட்டுப் போயிட்டான்னா நாங்க எங்க போவோம்?"

"நேத்து மூடல. இன்னைக்கும் மருந்து குடுக்கறாங்க. போய்ப் பாருங்க."

"செத்தவ பேரைச் சந்திக்கு இழுக்கறியே, கூடப்பொறந்தவதானா நீ? பொறுமையா யோசி."

"பொறுமையா இருந்துதான் அவ செத்தா," என்றாள் பெரியவள். "அவ மானத்துக்கு ஒரு குறையும் இல்ல. போக மாட்டேன்னு சொன்னா. நீங்கல்லாம் வரிசையில நின்னு சிரிச்சீங்க. நான் வீட்டுல சிரிச்சேன்."

பின்னால் நின்ற ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். பொறுமைக்காரரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

தலைமை ஆபீசிலிருந்து விசாரிக்க வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள். கூட யாராவது இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். இடையில் எழுந்து போகலாம், சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதியதை அவர்கள் வாசித்துக் காட்டியபோது, அவள் ஒரு திருத்தம் கேட்டாள்.

"பெட்டிய அங்க மாட்டினது நான். அதையும் எழுதுங்க."

"சாவிய அவர்கிட்ட குடுக்கச் சொன்னது?"

"ஆபீஸ்."

"அப்ப ரெண்டையும் எழுதறேன்," என்றாள் எழுதிக்கொண்டிருந்த பெண். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. பெரியவளுக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் ரெட்டைப்பிள்ளைக்காரி இரண்டு பிள்ளைகளையும் பெரியவளிடம் விட்டுவிட்டுத் தானாகவே போய்ப் பேசினாள். அவளுக்குப் பிறகு இன்னும் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பின்வாசல் வழியாகப் போனவர்கள். அவர்களுக்கு வேண்டிய வைத்தியத்தையும் துணைக்கு ஆளையும் நர்சம்மா வேறு ஓர் அறையில் ஏற்பாடு செய்தார். அவர்கள் யார் என்று பெரியவள் இன்றுவரை கேட்கவில்லை.

முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. மருந்துக்காரரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வேறு எந்த முகாமிலும் சேர முடியாதபடி பெயரைச் சொல்லி எழுதினார்கள். புகார் சொன்னவர்களில் இரண்டு பேர் போலீசுக்குப் போக நினைத்தார்கள். துணைக்கு ஆள் அனுப்பினார்கள். முடிவைச் சொல்லிப் பெரியவளுக்கு வந்த கடிதத்தில் சின்னவளைப் பற்றி ஒரு வரி இருந்தது: மருந்து மறுக்கப்பட்டது உறுதி, மரணத்துக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பெரியவள் அந்த வரியைப் பல தடவை படித்தாள். தாளை மடித்துப் பம்போடு சேர்த்து வைத்தாள்.

பெட்டியை எங்கே மாட்டுவது என்று இந்த முறை அவள் தானாக முடிவு செய்யவில்லை. குழாயடியில், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பெண்களைக் கேட்டாள். "நாங்க குளிக்கற தடுப்புக்குள்ள மாட்டு. ஆம்பளை தல தெரியாது," என்றாள் ஒருத்தி. "எழுதத் தெரியாதவ என்ன பண்றது? பெட்டி காதுல போய்ச் சொல்லவா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, எழுதத் தெரியாதவர்கள் வாரத்தில் இரண்டு நாள் எடை அறையில் நர்சம்மாவிடமே வாயால் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சாவி வெளியிலிருந்து வருகிற விசாரணைப் பெண்ணிடம் போயிற்று.

பெரியவள் இப்போதும் வரிசை வரிசையாகப் போகிறாள். மருந்து இலவசம் என்கிறாள். கடைசியில் முன்பு சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறாள்: "பெட்டிச் சாவி முகாம்ல யார்கிட்டயும் இல்ல." யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறாள்.

பழைய இடத்திலிருந்து பெட்டியைக் கழற்றிய அன்று ஆணியையும் பிடுங்கிவிடப் பார்த்தாள். குறடு வைத்து இழுத்தாள், கல்லால் இரு பக்கமும் தட்டினாள், ரெட்டைப்பிள்ளைக்காரியும் வந்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டு முழம் தள்ளி, அது இன்னும் இருக்கிறது.