சுண்ணாம்பு பூசிய சைடர்

விக்னராஜா பொய் சொல்ல மாட்டார். பிறர் தம்மைப் பற்றிச் சொல்லும் பொய்யை மறுக்கவும் மாட்டார். இரண்டாவதுதான் பெரிய அயோக்கியத்தனம் என்று அவர் மனைவி யோகராணி நெடுங்காலமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலாந்தின் லீட்ஸில் அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒண்டுக் குசினிக்குள் பியர் காய்ச்சியவள் அவள். ஹொப்ஸ் பூவை அவித்தவளும் அவள்தான், போத்தல் கழுவிக் கழுவிக் கை வெடித்தவளும் அவள்தான். குடித்துப் பார்த்த நண்பர் வரதராஜா, விக்னராஜாவின் முதுகில் தட்டி, “மச்சான், நீ விண்ணன்ரா!” என்றார். விக்னராஜா சிரித்தார். சிரித்ததோடு சரி. மறுநாள் யோகராணி மிச்சம் இருந்ததை எல்லாம் சிங்க்கில் கவிழ்த்தாள். அதன்பிறகு அந்த வேலையைத் தொடவில்லை.

மெல்பேர்னுக்கு வந்து, கிளென் வேவர்லியில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்து, அவளும் ஆஸ்பத்திரி லாபில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் கை மறுபடி அரித்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு ஈஸ்டர் கழிந்த கையோடு, வீதியோரப் பழத்தோட்டம் ஒன்றில் அன்று பிழிந்த ஆப்பிள் சாறு விற்றார்கள். நாலு பெரிய கண்ணாடிக் குடுவை நிறைய வாங்கினாள். பியரைப் போல இதற்கு அடுப்பும் வேண்டாம், அவியலும் வேண்டாம். சாறு, ஒரு பிடி சீனி, ஈஸ்ட், அவ்வளவுதான். குடுவையின் வாயில் பலூனை மாட்டி ஊசியால் ஒரு துளை போட்டாள். காலையில் பலூன்கள் எழுந்து நின்றபோது, லோண்ட்ரி அறையில் தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

விக்னராஜா கதவடியில் நின்று பார்த்தார்.

“காய்ச்சிறதெண்டாக் காய்ச்சும். ஆனா வெளியில சொல்லிப்போடாதையும். யாழ்ப்பாணத்துப் பொம்பிளை கள்ளு வடிக்கிறாள் எண்டு ஊரெல்லாம் கதைப்பினம்.”

“வந்து குடிக்கேக்க கதைக்க மாட்டினமோ?”

“ஆம்பிளையள் குடிக்கிறது வேற.”

“சரி, நான் சொல்லேல்லை. ஆனா நீங்கள் செய்தது எண்டும் நீங்கள் சொல்லக்கூடாது.”

“ஓம், ஓம்” என்றார் அவர்.

குடுவைகளில் ஒன்று சோம்பேறி. குளிருக்கு அதன் ஈஸ்ட் கண்விழிக்கவேயில்லை. அதைப் பழைய போர்வையால் சுற்றி, சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த உடுப்பு அலுமாரிக்குள் வைத்தாள். மற்ற மூன்றிலும் சாறு பொங்கி அடங்கி, சைடர் என்னும் ஆப்பிள் மதுவாகத் தெளிந்தது. அவளுக்கு நல்ல திருப்தி. விக்னராஜா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இனிப்பு எங்க போட்டுது?”

“ஈஸ்ட் திண்டிட்டுது. அது சீனியைத் திண்டால்தானே வெறிக்கும்.”

“சனிக்கிழமை பின்னேரம் வரதராஜாவும் மனிசியும் வருகினம். உந்தப் புளிப்பையோ குடுக்கிறது?”

“இதின்ர ருசியே அதுதான். இன்னும் ரெண்டு கிழமை விட்டால் இன்னும் நல்லா வரும். கை வைக்காதையுங்கோ.”

கை வைக்காதே என்றால் வைக்கிற சாதி அவர். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தவள், லோண்ட்ரித் தொட்டியில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்திருப்பதைக் கண்டாள். கராஜில் கொத்தனார் விட்டுப்போன சுண்ணாம்புச் சாக்கு வாய் திறந்து கிடந்தது. மூன்று குடுவைகளிலும் உட்பக்கம் வெள்ளை. அவளுடைய பொன்னிறச் சைடர், மழைக்கால வாய்க்கால் தண்ணீர் போல் மண்ணிறமாகக் கலங்கி நின்றது.

“என்ன செய்தனீங்கள்?”

“வாளியில ஊத்தி வச்சுப்போட்டுக் குடுவைக்குள்ள சுண்ணாம்பு பூசினனான். பிறகு திரும்ப ஊத்தினனான்” என்றார் பெருமையாக. “முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கள்ளு புளியாது, பதநீர் மாதிரிக் கருப்பணியா இனிக்கும். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.”

“அது மரத்தில முட்டி கட்ட முதல் பூசிறது! புளிக்க முதல்! இதில சீனியே மிச்சமில்லை, எங்கத்தையால் இனிக்கும்?”

“நீர் சும்மா இரும். பொங்கி எழும்பினதெல்லாம் கொஞ்சம் அடங்கட்டும்.”

அவர் சொன்னது சைடரைத்தானா, தன்னையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மனைவி கள் வடிக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்ட மனிதர், மரமேறுகிறவரின் வித்தையை அரைகுறையாகத் திருடி, அதையும் அவளுடைய பாத்திரத்திலேயே காட்டியிருக்கிறார். குரங்கின் கையில் பூமாலை கொடுத்தால்கூட அது ஊரைக் கூட்டி விருந்து வைக்காது. சைடரைக் கவிழ்த்து ஊற்றப் போனவள், குடுவையைத் திரும்ப வைத்தாள். இந்தத் தடவை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் எண்ணம் அவளுக்கு இல்லை.

பின்னேரம் வரதராஜா வந்தார். அவரும் இப்போது மெல்பேர்னில் டொக்டர், தொப்பையும் வந்திருந்தது. கூட மனைவி விமலாதேவி, காஞ்சிபுரம் பட்டில். விக்னராஜா தமக்கும் சேர்த்துக் கிளாஸ்களை நிரப்பினார்.

“மச்சான், லீட்ஸ் பழக்கத்தை விடேல்லைப்போல” என்றார் வரதராஜா.

“என்ர கைவேலை. குடிச்சுப் பார்” என்றார் விக்னராஜா.

யோகராணி கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆக, வாக்குறுதியும் போயிற்று. இப்போது பொய்யையும் தானே சொல்லப் பழகிவிட்டார்.

வரதராஜா ஒரு வாய் இழுத்தார். கண் பிதுங்கியது. எழுந்து ஓடிப்போய் முற்றத்துப் பைப்பில் வாயைக் கொப்பளித்தார். விமலாதேவி கைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சிக்குள் துப்பினாள்.

“ஐயோ, இதென்ன, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற தண்ணியோ?” என்றாள்.

விக்னராஜா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார், அதே லீட்ஸ் சிரிப்பு.

“எனக்கு உந்த வேலை என்ன தெரியும்? யோகராணிதான் காய்ச்சினவ.”

எத்தனையோ வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அது வந்த நேரத்தைப் பாருங்கள்! அழுகை வரும் என்று பயந்தாள், வரவில்லை. எழுந்து போய் உடுப்பு அலுமாரியைத் திறந்து போர்வையை உருவினாள். சோம்பேறிக் குடுவை தெளிந்து, பொன்னாக நின்றது.

அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“ஓம், நான்தான் காய்ச்சினனான். லீட்ஸில நீங்கள் குடிச்ச பியரும் நான் காய்ச்சினதுதான், அண்ணை. உங்கட வாய்க்குள்ள இப்ப எரியிற சுண்ணாம்பு மட்டும் இவர் பூசினது.”

வரதராஜாவுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினாள். விமலாதேவிக்கு ஒன்று. மூன்றாவதைத் தனக்கு ஊற்றி, அவர்கள் முன்னிலையிலேயே ஒரு மிடறு குடித்தாள். விமலாதேவி அவளைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், தானும் குடித்தாள்.

“நல்லாயிருக்கு. எப்பிடிச் செய்யிறது? எனக்கும் சொல்லித் தாங்கோ.”

“சொல்லுறன். கஷ்டமில்லை.”

விக்னராஜா வெறும் கிளாஸ் ஒன்றை எடுத்து மெல்ல நீட்டினார். யோகராணி குடுவையை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்கட கிளாசில இன்னும் கிடக்கு” என்றாள். “உங்கட கைவேலை. அதைக் குடிச்சு முடியுங்கோ.”