மழைக்கோட்டும் ஒரு புட்டித் தண்ணீரும்

"கையெழுத்துப் போடும்மா. பதினோரு மணிக்கு விசாரணை."

சோதனைக்கூட இயக்குநர் பேனாவை மேசையில் உருட்டிவிட்டார். காகிதத்தில் ஒரே வரி: 'மாதிரிகள் மாசுபட்டிருந்ததால் அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது.'

அறிக்கையை எழுதிய அவள் பேனாவைத் தொடவில்லை. அவளுக்குப் 'பிடிவாதம்' என்று பட்டப்பெயர் வைத்ததே இந்த இயக்குநர்தான்.

ஏரித் தீவில் இந்த வருடம் நீர்க்காகங்கள் கட்டிய கூடுகள் அறுபத்து மூன்று. குஞ்சு பொரித்தவை நான்கு. பொரியாத முட்டைகளுக்குள் அவள் கண்டுபிடித்தது, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பூச்சுகளில் சேர்க்கும் ஃப்ளூரின் ரசாயனம். மண்ணில் மக்காது, நீரில் அழியாது. மீனுக்குப் போய், மீனைத் தின்ற பறவைக்குப் போய், முட்டைக்குள்ளும் குடியேறிவிடும். ஏரிக்கரையில் அந்தப் பூச்சைத் தயாரிப்பது ஒரே ஆலை. விசாரணையில் அறிக்கை நின்றால் அதன் கழிவுக் குழாய் இன்றே மூடப்படும். விழுந்தால் அடுத்த வருடமும் கூடுகளில் கூமுட்டைதான்.

எதிரே சாய்ந்திருந்த ஆலையின் வக்கீல் ஒரு புகைப்படத்தை நீட்டினார். படகில் மழைக்கோட்டோடு ஓர் ஆள்.

"மாதிரி எடுத்தவர் இவர்தானே? மழைக்கோட்டுல பூசறதும் இதே ரசாயனம்தான். கோட்டுலேர்ந்து சொட்டினதை முட்டைல கண்டுபிடிச்சிருக்கீங்க."

படத்திலிருந்த படகோட்டி அவளுடைய அக்கா புருஷன். இப்போது வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அத்தான்! மழைக்கோட்டு கூடாதுன்னு நூறு தடவ சொன்னேனே!"

"மழை கொட்டுச்சும்மா. நனைஞ்சா உங்கக்கா திட்டுவா, நனையாட்டி நீ திட்டுவே. அவ பக்கத்துல இருக்கா, நீ தூரத்துல இருந்தே."

"முட்டைய உடைச்சுப் புட்டில ஊத்தறப்போவும் போட்டிருந்தீங்களா?"

"கழட்டிட்டேன்னுதான் நினைக்கிறேன்..." அவர் குரல் இறங்கியது. "சத்தியமா ஞாபகமில்லம்மா."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். அவள் எழுந்து நேராகக் குளிர்பெட்டிக்குப் போனாள். கொண்டுவந்து வைத்தது ஒரு சின்னப் புட்டி. உள்ளே வெறும் சுத்தத் தண்ணீர்.

"இதுக்கு நாங்க வச்ச பேரு சாட்சி. இதுவும் அதே படகுல போச்சு. முட்டை உடைக்கிற நேரம் முழுக்க இதோட மூடியும் திறந்தே இருக்கும், முடிஞ்சதும் மூடி முத்திரை வச்சிடுவோம். கோட்டுலேர்ந்து ஏதாவது விழுந்திருந்தா இதுலயும் விழுந்திருக்கும்."

"இத்தனை நாள் ஏன் சோதிக்கல?" என்றார் வக்கீல்.

"நேரமில்லன்னு பட்டியல்லேர்ந்து அடிச்சது சார்தான்."

இயக்குநர் சுவரில் எதையோ தீவிரமாகப் பார்த்தார்.

"முத்திரை உடையலைன்னு நீங்களே பார்த்து எழுதிக் குடுங்க வக்கீல் சார். இதுல அந்த ரசாயனம் இருந்தா, நானே வாபஸ் வாங்கறேன்."

"விஷப்பரீட்சை வேணாம்மா," என்று அத்தான் முனகினார்.

வக்கீல் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உற்சாகமாக எழுதிக் கொடுத்தார். படம்தான் கையில் இருக்கிறதே!

கருவி உறுமத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது; ரசாயனம் இருந்தால் அது மேலே எகிறும். பத்து நிமிடம். அத்தான் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்தே விட்டார்.

கோடு எங்கேயும் எழவில்லை. துடைத்துவிட்ட மாதிரி தட்டையாக ஓடி முடிந்தது.

"மெஷின் தூங்குது," என்றார் வக்கீல். சிரிப்பைக் காணோம்.

"எழுப்பிடலாம் சார்."

முட்டைக் கருவின் மாதிரியை அதே கருவிக்குள் செலுத்தினாள். மறுபடி பத்து நிமிடம். பாதி தூரத்தில் கோடு சட்டென்று எகிறித் திரையின் உச்சியில் முட்டியது.

வக்கீல் புகைப்படத்தைப் பைக்குள் திணித்தார். அவள் வாபஸ் காகிதத்தை நான்காகக் கிழித்தாள். அறிக்கையை இயக்குநர் முன்னால் வைத்து, அதே பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"மணி பத்தே முக்கால். இப்போ நீங்க போடுங்க சார்."

அவர் போட்டார்.

அவள் ஆறு காலிப் புட்டிகளை அத்தானிடம் நீட்டினாள். "நாளைக்கு ஆலையோட கழிவு வாய்க்கால்ல படிஞ்ச சேறு. ஆலை வாசல் பக்கத்துலேர்ந்தே எடுப்போம். நானும் வரேன்."

"மழை வந்தா?"

"நனைவோம்."