சிலந்தி போட்ட துணி

என் மகளுக்குப் பொழுதுபோக்கு சிலந்தி பார்ப்பது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் படம் வரைகிறார்கள், பாட்டு கற்றுக்கொள்கிறார்கள். இவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் ஒட்டடைக் குச்சிக்கு வேலையே கிடையாது. நான் அதைக் கையில் எடுத்தால் போதும், பெற்ற தாய் என்றும் பாராமல் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால் நான்தான் மூலைக்கு மூலை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இவர் என் இரண்டாவது கணவர். மகளுடைய அப்பா இறந்தபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. நான் இவரைக் கட்டிக்கொண்டபோதோ எல்லாம் தெரிந்த பெரிய மனுஷி ஆகியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இவரை அங்கிள் என்றாள். கல்யாணம் ஆனதும் அதை நிறுத்திவிட்டாள். அந்த இடத்துக்கு வேறொரு சொல் வரும் என்று பார்த்தால் எதுவும் வரவில்லை. கூப்பிடாமலேயே பேசுவதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். "போன் அடிக்குது பாருங்க." "கொஞ்சம் வழி விடுறீங்களா." எதைச் சொன்னாலும் கூடவே ஒரு 'ங்க'.

நானும் இவரை நீங்க, வாங்க என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் 'ங்க' வேறு. "ஏங்க, ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது" என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது? அவளுடையது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற 'ங்க'. என்னிடம் மட்டும் வாய்க்கு வாய் சண்டை. நீ என்ன சொல்றது, நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது. நாங்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இவர் சாப்பிடுவார். ஒரு நாள் சொன்னார். "உங்கிட்ட கத்துறாளே, அந்த மாதிரி எங்கிட்டயும் ஒரு தடவ கத்திட்டா தேவலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இவருக்குத் தொழில் திரைச்சீலை தைப்பது. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பார், கடையில் உட்கார்ந்து தைப்பார், கம்பி அடித்து மாட்டியும் கொடுப்பார். ஊருக்கெல்லாம் திரை போடுகிறவர் வீட்டில், மகள் அறை ஜன்னலில் ஒரு பழைய போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குத் திரை தைக்கப்போவதாக ஒரு நாள் கிளம்பினார். சும்மா துணியில் அல்ல. சிலந்தி போட்ட துணிதான் வேண்டுமாம்.

நானும் கூடப் போனேன். கேட்ட கடையில் எல்லாம் சிரித்தார்கள். "பொம்பளப் புள்ளைக்குன்னா பட்டாம்பூச்சி எடுங்க சார், சூப்பரா இருக்கும்" என்றார் ஒருவர். யானை காட்டினார்கள், மீன் காட்டினார்கள், பல்லைக் காட்டும் குரங்கு காட்டினார்கள். இன்னொருவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, வீட்ல இருக்கிற ஒட்டடை போதாதா, துணியில வேறயா" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் என் புருஷனைப் பார்த்துச் சிரித்தால் எனக்குச் சுள்ளென்று வரும். "உங்கள்ட்ட இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் ஒரு துண்டுத் துணிக் கடையில் அது கிடைத்தது. மலைபோல் குவித்துப் போட்டிருந்த துணிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவர், சட்டென்று நின்றார். மெதுவாக இழுத்தார். சாம்பல் நிறத்தில் நல்ல கனமான பருத்தி. துணி முழுக்கக் கறுப்புச் சிலந்திகள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் ஊர்வதுபோல் இருந்தது. கடைக்காரர், "அத யாரும் திரும்பிக்கூடப் பாக்கல சார், எடுத்துக்கங்க" என்றார். இவர் அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பரீட்சையில் பாஸான பையன் முகம்.

"ஏங்க, ராத்திரி முழிச்சுப் பாத்தா புள்ள பயந்துக்கப் போறா."

"நீதான் பயந்துக்குவ. அவ குட்நைட் சொல்லிட்டுத் தூங்குவா."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் திரையைக் கொண்டுவந்து மாட்டினார். தையல் அத்தனை சுத்தம். ஆனால் கம்பியைப் பார்த்தால் ஒரு பக்கமாகத் தள்ளி அடித்திருந்தார். திரையை முழுக்க இழுத்தாலும் ஜன்னலின் இடது மூலை மூடவில்லை. ஊரார் வீட்டில் இப்படி அடித்தால் சும்மா விடுவார்களா?

"அளவு தப்பாயிடுச்சாங்க?"

"இல்ல. அந்த மூலையில ஒருத்தர் குடியிருக்கார். திடீர்னு வந்து காலி பண்ணச் சொல்ல முடியுமா?"

எட்டிப் பார்த்தேன். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை, நடுவில் அதன் சொந்தக்காரர். வலையின் ஒரு நூல்கூட அறாமல் கம்பி அடித்திருந்தார். எனக்கு இவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். இவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்து, ஏதோ பேப்பர் படிப்பவர்போல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நேராக அறைக்குள் போனாள். பிறகு அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"நல்லாருக்குங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். இவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். "பிடிச்சிருக்குன்னுதான சொன்னா" என்றார் என்னிடம். "ஆமாங்க" என்றேன். இருவருக்குமே தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்திருந்தாலும் அவள் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று. சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

சற்று நேரத்தில் அறைக் கதவு படாரென்று திறந்தது. கையில் கரண்டியோடு ஓடி வந்தேன். அவள் இவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"அந்த வலைக்காகத்தான கம்பியத் தள்ளி அடிச்ச?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அதுல ஒரு நூல்கூட அறுந்துடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து அடிச்சிருக்க. துணி வாங்கறப்போ கால எண்ணிப் பாக்கத் தோணலையா உனக்கு? ஆறு காலு. எல்லாத்துக்கும் ஆறே ஆறு காலு. எட்டுக்கால் பூச்சின்னு பேர்லயே இருக்கு, அதுகூடத் தெரியாதா? எம் ப்ரெண்ட்ஸ் வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க? இத நான் தினம் பாத்துக்கிட்டே எப்படித் தூங்குவேன், சொல்லு."

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பிறத்தியார் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறேன். என் கண்ணிலும் அது படவில்லை. அது கிடக்கட்டும். தைத்துப் போட்டவரை நிற்க வைத்து இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது, நீ வா போன்னு" என்று ஆரம்பித்தேன்.

இவர் என் கையை இறுகப் பிடித்தார். வலித்தது.

"நீ சும்மா இரு" என்றார் என்னிடம். "எங்கிட்டதான பேசிட்டிருக்கா."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கரண்டியைக் கீழே இறக்கினேன்.

"எண்ணலடா பாப்பா" என்றார் அவளிடம். "துணியில படம் போட்டவன் எண்ணியிருப்பான்னு நெனச்சுட்டேன். தப்புதான். வேற துணி பாக்கட்டுமா?"

"வேற எதுக்கு? இதுவே இருக்கட்டும்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு ரெண்டு கால் தச்சுட்டா சரியாயிடும். கறுப்பு நூல் வச்சிருக்கல்ல?"

இவரிடமா நூல் இல்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். திரையைக் கழற்றிக் கட்டிலில் விரித்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். இவர் ஊசியில் நூல் கோக்க முயன்றார். வருஷக்கணக்காகத் தைக்கிற மனிதர், நூல் நுழையவே இல்லை. கண் கலங்கியிருந்தால் எப்படி நுழையும்? அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. ஊசியை வாங்கித் தானே கோத்தாள். இவர் முதல் சிலந்தியின் வயிற்றில் ஊசியைக் குத்தப் போனார்.

"ஐயோ, அங்க இல்ல. வயித்துல போயி யாருக்காவது கால் முளைக்குமா? முன்னாடி, தலை கிட்ட. உனக்கு ஒண்ணும் தெரியல, தள்ளு."

இவர் தள்ளி உட்கார்ந்தார். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, இவர் தோளில் இடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.