ரங்கநாயகியின் துணியில் பதினேழு ஓட்டைகள்

மைக்கைப் பிடித்து நாற்பது நிமிடம் பேசினேன். அந்த நாற்பது நிமிடத்தில் என் மனைவியின் துணியில் பதினேழு ஓட்டைகள் விழுந்தன. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, மறுநாள் வெயிலில் பிடித்து எண்ணினேன்.

என் பெயர் சென்னகேசவன். துருவால் படம் போடுகிறவன். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். துருப்பிடித்த பாகத்தைக் கண்டால் தூக்கி எறிவதுதான் அங்கே என் வேலை. இப்போது அதே துருவை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

வேலை இதுதான். காடாத் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். பிறகு வினிகர் தெளித்து, லேத்துப் பட்டறைகளில் கழிக்கிற இரும்புச் சுருள், வாஷர், பழைய போல்ட் எல்லாவற்றையும் அதன்மேல் படமாக அடுக்கி, பாய் மாதிரி சுருட்டிக் கட்டிவிட வேண்டும். மூன்று நாளில் இரும்பு துணிக்குள் இறங்கி, கறுப்பும் செம்பழுப்புமாகப் படம் விழும். சீக்கிரம் பிரித்தால் வெளிறிப் போகும். நேரம் தாண்டினால் துரு நூலைத் தின்றுவிடும், துணி பொத்துப் போகும்.

ஆக, எப்போது பிரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டி எடுக்க வருகிறவர்களிடம், "இரும்பு கூப்பிடும்வரை காத்திருப்பேன்" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் பார்ப்பேன். படம் பிடிக்க அது வசதி. பன்னிரண்டு வருடத்தில் இரும்பு என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதெல்லாம் என் மனைவி ரங்கநாயகி. ஒரு மில்லின் சாய லேபில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். சுருட்டின துணியின் ஓரத்தில் மூக்கை வைத்து இழுப்பாள். எடுக்கலாம் என்பாள், எடுப்பேன். கடுக்காய் எத்தனை, வினிகர் எத்தனை என்பதும் அவள் பக்குவம்தான். இரும்பை அடுக்குவது நான். கையெழுத்துப் போடுவதும் நான்.

போத்தனூரில் ஒரு பழைய பஞ்சு குடோனைக் கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறான் கிருபாசங்கர். தை மாதம் என்னைக் கூப்பிட்டான்.

"கலைஞர்கள் சனங்க முன்னால வேலை செய்யோணுமுங்ணா. ஒரு படம் எப்படி உருவாகுதுன்னு ஒளிவுமறைவு இல்லாமக் காட்டிப்போடலாம். நீங்க துணியப் பிரிக்கறதுதான் கடைசி ஐட்டம்."

ஒளிவுமறைவு இல்லாமல் என்றதும் எனக்கு ரங்கநாயகியின் மூக்குதான் ஞாபகம் வந்தது. செரி என்றேன். யார் எதைக் கேட்டாலும் செரி என்று சொல்லிவிட்டுப் பிறகு உட்கார்ந்து எரிச்சல்படுவது என் குணம்.

இந்தத் தடவை ரங்கநாயகி ஒன்று செய்தாள். என் கையில் எதையும் கொடுக்காமல், அவளே ஒரு துணியை விரித்து, அவளே அடுக்கினாள். அவள் மில்லின் ஸ்பின்னிங் ஹால். வரிசை வரிசையாக மிஷின்கள், நடுவே நடந்துபோகிற பெண்கள். சிறிய வாஷர்கள் நூல்கண்டுகளாயின, சுருள்கள் நூலாயின. மூன்று நாள் முதுகு வலிக்க உலர்ந்த துணியில் அடுக்கி, கடைசியில் வினிகர் தெளித்துச் சுருட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். இதை அவள் பெயரில் வைக்க வேண்டும்.

"அதுக்கென்ன, கிருபாசங்கர்கிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு கிருபாசங்கரிடம் மூன்று தடவை போனில் பேசினேன். பார்க்கிங் பற்றிப் பேசினேன். சுண்டலா போண்டாவா என்று பேசினேன். இதை மட்டும் பேசவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் எனக்குச் சுலபம். மறக்கவில்லை. அவள் பெயர் ஒரு துணியில் வந்துவிட்டால், மற்ற துணிகளுக்கெல்லாம் கடுக்காய் கலந்தது யார் என்று எவனாவது கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் போய் இறங்கினோம். வாசல் பேனரில் என் முகம் மட்டும் இருந்தது, ஜன்னலைப் பார்த்தபடி. உள்ளே மேடையில் ரங்கநாயகியின் சுருள். அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டி, ஃபோகஸ் லைட் ஒன்றைத் திருப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அட்டை: 'புதிய படைப்பு – சென்னகேசவன்'.

ரங்கநாயகி அட்டையைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், அதுவும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதைத் தமிழுக்கு.

"சொல்லீட்டீங்களாங்க?"

"மைக்குல சொல்லலாம்னு இருக்கேன். எல்லார் முன்னாலயும். அதுதான மரியாதை?"

"ரொம்ப நல்லதுங்க. அந்த லைட்ட அணைக்கச் சொல்லுங்க. சூட்டுல சீக்கிரம் வெந்துபோயிரும். நாலே முக்காலுக்குப் பிரிச்சே ஆகோணும்."

நான் லைட்டைப் பற்றிச் சொல்லப் போனேன். கிருபாசங்கர் என்னைக் கட்டிப்பிடித்து யாரோ இரண்டு பேரிடம் அறிமுகம் செய்தான். லைட் எரிந்துகொண்டிருந்தது.

நிகழ்ச்சி நான்கு மணிக்கு. தலைமை விருந்தினர் பாலுசாமி, பொள்ளாச்சி ரோட்டில் ஃபவுண்டரி வைத்திருப்பவர், நான்கு முப்பத்தைந்துக்கு வந்தார். அவர்தான் ரிப்பனை வெட்ட வேண்டும். குங்குமத் தட்டில் கத்திரிக்கோல் தயாராக இருந்தது. பாலுசாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங் கிருபா, ராகு காலம் பொறந்துருச்சுங்களே?"

"ஆமாங்கய்யா, நாலரைக்கு."

"புதுசா ஒண்ணத் தொறக்கறது. ராகு காலத்துல வேண்டாமுங்க. ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம். அதுவரைக்கும் ஆர்ட்டிஸ்ட்டு பேசட்டும், கேப்போம்."

குடோனில் இருந்த நூறு பேரில் ஒருவர்கூட அதில் தவறு காணவில்லை. நானும்தான் காணவில்லை. எங்கள் ஊரில் போர்வெல் மோட்டாரைப் போடுவதற்கும் நேரம் பார்ப்பார்கள். கிருபாசங்கர் மைக்கை என் கையில் திணித்தான்.

பேசினேன். பம்ப் கம்பெனி கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். முதல் துணியைத் துவைக்கிற துணியென்று நினைத்து வேலைக்காரம்மா ஊறவைத்த கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

ஐந்து மணி இருக்கும். ரங்கநாயகி மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க, வாசம் மாறிப்போச்சுங்க. பிரிச்சுருங்க."

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் துணி, அவள் மூன்று நாள் முதுகுவலி, அவள் கேட்ட ஒன்றே ஒன்று, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்:

"பாத்துக்கோங்க, ஊட்டுல குக்கர் விசில எண்ணிப் பழகினவங்க. இங்க வந்தும் அடுப்ப நிறுத்து, அடுப்ப நிறுத்துங்கறாங்க!"

குடோன் அதிர்ந்தது. முன்வரிசையில் பாலுசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். நான் அடுத்த கதைக்குப் போனேன். போனேனே, அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

ஐந்தேகாலுக்குமேல் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை என்னிடம் வரவில்லை. நேராகக் குங்குமத் தட்டுக்குப் போய், கத்திரிக்கோலை எடுத்து, ரிப்பனை வெட்டினாள்.

"அக்கா! என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" கிருபாசங்கர் ஓடிவந்தான். "ராகு காலமுங்க! அய்யா வெட்டோணுமுங்க!"

"அய்யா வெட்டறதுக்குத் துணி இருக்கோணுமில்லைங்களா?" என்றாள். கயிற்றையும் வெட்டிவிட்டுத் துணியை மேடை நீளத்துக்கு உருட்டிவிட்டாள். இரும்பெல்லாம் சலசலவென்று கொட்டியது.

துணியைப் பார்த்ததும் என் கையில் இருந்த மைக் கனத்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கறுப்பு எனக்கு விழுந்ததில்லை. ஹால் முழுக்க மிஷின் வரிசைகள், நடுவே தலையில் துண்டு கட்டிய பெண்கள், பஞ்சுத் தூசி மாதிரி பழுப்புப் புகை. ஆனால் லைட் பட்ட பக்கம், வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பெண்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவள் விரலை வைத்ததும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பாலுசாமி மேல், கிருபாசங்கர் மேல், லைட் மேல். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு என்மேல் வந்து நின்றது. மைக்கில் சொன்னேன்.

"இது என் படம் இல்லைங்க. அவங்க படம். இதுவரைக்கும் நான் காட்டினது அத்தனையும் அவங்க பக்குவமுங்க. எனக்குக் கடுக்காய் கலக்கக்கூடத் தெரியாதுங்க."

சிரித்தார்கள்.

நாற்பது நிமிடமாகச் சிரிக்கவைத்தவன் திடீரென்று உண்மையைச் சொன்னால் என்ன செய்வார்கள்? அடுத்த ஜோக் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்க! நெசமாத்தான் சொல்றேனுங்க! நான் ஊரை ஏமாத்திட்டு இருந்திருக்கேனுங்க!"

இன்னும் சிரித்தார்கள். கத்தும்போதும் 'ங்க' போடுகிற வாயை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கோபப்படுவது? ஒருவர் போனில் படம் பிடித்தபடி, "செம டைமிங்குங்ணா!" என்றார். பாலுசாமி எழுந்து கையைத் தூக்கினார்.

"பெரிய மனசுங்க இவருக்கு. சம்சாரத்த விட்டுக்கொடுக்காமப் பேசறாரு பாருங்க. ஊட்டுக்காரம்மா பின்னால நிக்காம எந்த ஆம்பள முன்னுக்கு வந்திருக்கான்? கைதட்டுங்க!"

தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள். உண்மையைச் சொல்லி அதற்கும் நானே கைதட்டல் வாங்கிக்கொண்டேன். மைக்கை நாற்காலியில் வீசினேன். அது கீச்சென்று கத்தியது. அதற்கும் சிரித்தார்கள்.

"விடுங்க" என்றாள் ரங்கநாயகி, என்னைப் பார்க்காமல். "நீங்க சொல்லி ஆகறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

அந்த நேரத்தில் ஒரு பெண் மேடையில் ஏறித் துணிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மோகனப்பிரியா, டெக்ஸ்டைல் படிக்கிற பெண் என்று பிற்பாடு தெரிந்தது. என்னைத் தாண்டி, நேராக ரங்கநாயகியிடம் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கறுப்பு எப்படிங்க்கா வந்துச்சு? நாங்க லேப்ல போட்டா சாம்பலாத்தான் வருது."

"கடுக்காயக் கொட்டையோட இடிக்கறீங்களா கண்ணு?"

"ஆமாங்க்கா."

"அதுதான். கொட்டைய எடுத்துப்போட்டுத் தோலை மட்டும் இடிக்கோணும். ஒரு நாள் முழுக்க ஊறோணும். துணியப் பிழியக் கூடாது, அப்படியே நெழல்ல தொங்கப் போட்டரோணும்."

கொட்டையை எடுக்க வேண்டும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். பன்னிரண்டு வருடம் அதன்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"எப்பப் பிரிக்கறதுன்னு எப்படிங்க்கா தெரியும்?"

ரங்கநாயகி துணியின் நல்ல ஓரத்தைத் தூக்கி அந்தப் பெண்ணின் மூக்கருகே கொண்டுபோனாள். "மோந்து பாரு. மொதல்ல ஈரக் காசு வாசம் வரும். அடுத்து புளிச்ச மோரு. மோர் வாசம் வர்றப்பப் பிரிச்சரோணும். இப்ப இந்த ஓட்டைகிட்ட மோந்து பாரு. மூக்குல குத்துதா? இது வெந்துபோச்சு."

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. முதலில் நான்கு பேர், பிறகு பத்து, பிறகு எல்லோரும். வரிசையில் நின்று குனிந்து குனிந்து மோந்தார்கள். பாலுசாமி கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். இன்னும் ராகு காலம் முடியவில்லை. "தொறந்தது தொறந்தாச்சு, மோந்து பாக்கறதுக்கு என்னங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தார்.

"இந்த ஓட்டையெல்லாம் டிசைனுங்களா அம்மணி?"

"இல்லைங்க" என்றாள் ரங்கநாயகி. "அப்ப இவரு பேசிட்டிருந்தாருங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பாலுசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு ஃபோகஸ் லைட்டைப் பார்த்தார், பிறகு தன் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

கிருபாசங்கர் வெள்ளை அட்டையும் மார்க்கரும் எடுத்துவந்தான்.

"அக்கா, மாத்தி எழுதிடறேனுங்க. இனிஷியலுக்கு அண்ணன் பேர்ல இருந்து 'செ' போட்டுக்கட்டுங்களா?"

"இனிஷியல் வேண்டாங்க. ரங்கநாயகி. எழுதறத அவரையே எழுதச் சொல்லுங்க."

மார்க்கரை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசி வரிசை நாற்காலிகள் வரைக்கும் நடந்துபோய் நின்று பார்த்தாள். நூறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"இங்கிருந்து தெரியலீங்க" என்றாள் சத்தமாக.

இன்னொரு அட்டையில் இன்னும் பெரிதாக எழுதினேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. குழந்தைகள் படம் வரைவதற்காக ஓரத்தில் போட்டிருந்த மேசையிலிருந்து மோகனப்பிரியா முழுச் சார்ட் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் விரித்தாள். முட்டிபோட்டு, ஒவ்வொரு எழுத்தையும் முழங்கை நீளத்துக்கு இழுத்தேன். மார்க்கர் பாதியில் காய்ந்துபோனது. வேறு மார்க்கர் வந்தது. கடைசி எழுத்தை முடிக்கும்போது அவள் வந்து என் தலைக்குமேல் நின்றாள்.

"மொத எழுத்து வெளுத்துப்போச்சுங்க" என்றாள். "அதுமேலயே இன்னொருக்கா எழுதுங்க. அழுத்தி எழுதுங்க."

எழுதினேன்.