பன்னிரண்டாவது பதார்த்தம்

பக்கத்து வீட்டுச் சிறுமி விஹ்ரா விழுந்தது என் பிளம் மரத்திலிருந்து. மரம் எவ்வளவு உயரம் என்றால், விழும்போதே இரண்டு தடவை வருத்தப்பட்டுக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்தது. செப்டம்பரில் கால் முறிந்தது. டிசம்பர்வரை கட்டு, பள்ளிக்கூடம் கிடையாது. ஜனவரியில் பரீட்சை வைப்போம், பத்துக் கணக்கில் குறைந்தது எட்டு சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் இரண்டாம் வகுப்புதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவள் அம்மா ரூமியானாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. பல்கேரியா முழுக்க முத்திரை குத்திய கை அது, விடாது.

"புத்தகத்தைக் கண்டாலே அழறா, ஸ்டாமென் மாமா. அதான் கிறிஸ்துமஸ் சமையல்லயே பாடம் வைக்கப்போறேன். உங்க பூசணிக்காய் வேணும்."

கொடுத்தேன். அதற்குள் ஒரு ஆடு இரண்டு நாள் தங்கியிருந்தது. அதை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கொடுத்தேன்.

மேசை வகுப்பறையானது. எழுபத்திரண்டு பீன்ஸ் கொட்டைகள், ஒன்பது மிளகாய். ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை அடைப்பது? வட்ட ரொட்டியை வெட்டிக் கால், அரைக்கால். ஊறிய பீன்ஸை அளந்து எழுது. உலர்பழக் கூழின் செய்முறையை உரக்கப் படி. தடுக்கினால் முதல் வரியிலிருந்து. கால் வலிக்கிறது என்றாள் விஹ்ரா.

"கால் வலிச்சா வலிக்கட்டும். படிக்கிறது கண்ணுதானே."

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இறைச்சி இல்லாத சாப்பாடு. பதார்த்தங்கள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு மேசையிலிருந்து எதையும் காலைவரை யாரும் எடுக்க மாட்டார்கள். செத்துப்போனவர்கள் வந்து சாப்பிடுவார்களாம். என் மேசையில் பூண்டு மட்டும் குறைகிறது. அது என் மனைவியின் வேலை என்றுதான் நினைக்கிறேன். அவள் போய் ஏழு வருஷம்.

பரீட்சை நடந்தது. மூன்று தப்பு, ஏழு சரி. ரூமியானா விடைத்தாளோடு கிளம்பினாள். பிளம் மரம் என்னுடையது என்பதால் நானும் போனேன்.

த்ஸ்வெதானா டீச்சர் பத்தாவது கணக்கைக் காட்டினார். 'கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மேசையில் பன்னிரண்டு பதார்த்தங்கள் இருந்தன. சாப்பிட்டதும் அம்மா ஐந்தை எடுத்துவிட்டாள். மீதி எத்தனை?'

விஹ்ரா எழுதியிருந்தாள்: பதின்மூன்று.

"கழித்தல்கூடத் தெரியல, ரூமியானா."

"உங்க வீட்டு மேசையில எத்தனை வச்சீங்க, டீச்சர்?"

"பதினொண்ணு."

"பன்னிரண்டு ஆகியிருந்தா?"

"உப்புக் கிண்ணத்தையும் சேர்த்துக்குவேன்."

"பதின்மூணு. அதுல ராத்திரி எத்தனை எடுத்தீங்க?"

"ராத்திரி யாராவது எடுப்பாங்களா? காலையிலதான்."

"அதைத்தான் அவ எழுதியிருக்கா."

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கேள்வி தலைநகரத்தில் அச்சடித்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

வெளியே நின்ற விஹ்ராவைக் கூப்பிட்டார். ஊன்றுகோலோடு வந்தாள்.

"மேசையை மறந்துடு. பன்னிரண்டுல அஞ்சு போனா?"

"ஏழு, டீச்சர்."

"அப்புறம் ஏன் எழுதலை?"

"அம்மா எடுத்திருக்க மாட்டாங்க."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பதின்மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சரி விழுந்தது. எட்டு.

நான் கைகுலுக்கக் கையை நீட்டினேன். ரூமியானா கவனிக்கவில்லை. விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி ரெண்டு தப்பு எது, டீச்சர்?"

"ரெண்டும் பெருக்கல். பாஸ் ஆயிட்டாளே, விடும்மா."

"ஈஸ்டருக்குள்ள சரி பண்ணிடலாம். முட்டைக்கு எப்படியும் சாயம் போடணும். ஸ்டாமென் மாமா, உங்க கோழிங்க எத்தனை?"

"ஆறு," என்றேன்.

அதைக் கோழிகள் எப்படியோ கேள்விப்பட்டிருக்கின்றன. அன்றிலிருந்து ஆறும் ஒரே நேரத்தில்தான் முட்டை போடுகின்றன, பெருக்க வசதியாக.